அண்ணாந்தாரின் மூக்குக்கண்ணாடி

என் அக்கா புருஷனுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்த அதே வாரத்தில்தான் மூக்குக்கண்ணாடியும் வந்தது. இந்த இரண்டில் அவரைக் கெடுத்தது எது என்று கேட்டால், எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பதவிதான் என்று சத்தியம் செய்வார்கள். நான் ஒருத்திதான் கண்ணாடி என்று சொன்னேன். அதை அவர் வாங்கியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன், வேறொன்றும் பெரிய ஞானம் இல்லை.

வீட்டில் அவர் எனக்கு அத்தான், அலுவலகத்தில் சார். பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலக கேட்டைத் தாண்டுவதற்குள் அத்தானை விழுங்கிவிட்டு சாரை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அவர் படு கறார். வீட்டில் 'சின்னவ' என்று கூப்பிடும் அதே மனுஷன் அங்கே என்னை மேடம் என்பார். நேற்று ராத்திரி என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றவர், காலையில் "மேடம், கொஞ்சம் ஒதுங்கிக்கறீங்களா?" என்று கேட்கும்போது சிரிக்காமல் இருப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

மற்றபடி வேலை இதுதான். பார்சல் அனுப்பும் கம்பெனி. யந்திரத்தால் படிக்க முடியாத விலாசங்களை அதுவே படம் பிடித்து எங்கள் பிரிவுக்குத் தள்ளிவிடும். மழையில் கரைந்த எழுத்து, கோழிக் கிறுக்கல், பேருந்தில் குலுங்கிக்கொண்டே எழுதியது, எழுதியவரே திரும்பப் படித்தால் முழிக்கக்கூடியது, எல்லாம் எங்கள் தலையில். நாங்கள் திரையில் பார்த்துப் படித்து, சரியான விலாசத்தை டைப் அடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை அதே பிழைப்பு.

ஒருவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாத விலாசம் வந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. இரட்டைக் கண் என்போம். அந்தப் படம் எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு மேசைகளின் திரையிலும் வரும். ஒருவர் தான் படித்ததை வாய்விட்டுச் சொல்வார். எதிரில் இருப்பவர் தன் திரையைத் தானே படித்துப் பார்த்து 'சரி' அல்லது 'தப்பு' என்பார். சரி என்றால் பொத்தானை அழுத்தலாம், பார்சல் கிளம்பிவிடும். ஒத்துவராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். எங்கோ யாரோ ஒருத்தர் காத்திருக்கிற பொருள் ஒரு சொல்லில் போய்ச் சேரும், அல்லது சேராது. அதனால் அந்தச் 'சரி'யை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள்.

அத்தானுக்கு எதிர் மேசை தந்தி அண்ணன். பேசினால் வார்த்தைக்குக் காசு போகும் என்பதுபோலப் பேசுவார், அதனால் தந்தி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்ல ஒருவர் சரி என்று, ஊரில் பாதிப்பேருக்குப் பார்சல் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். தந்தி அண்ணன் வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அத்தானுக்குத் தன் வீட்டை விட நன்றாகத் தெரியும். அத்தனை சாப்பாடு அங்கே.

மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். "உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?" என்று மேனேஜர் கேட்டதற்குத் தந்தி அண்ணன், "வேலை தெரியும்" என்றார். அதோடு முடிந்தது. அத்தான் உள்ளே போனவர், வெளியே எங்கள் டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசினார். யாருக்குப் பதவி கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பதவி என்றால் என்ன? கைவைத்த நாற்காலி. மேசைமேல் பெயர்ப்பலகை. வேலையில் மட்டும் எள்ளளவும் மாற்றமில்லை. அதே திரை, அதே கோழிக் கிறுக்கல். ஆனால் அத்தான் வீட்டில் வந்து சொன்னது வேறு. "இனிமே நான் டைப் அடிக்க வேண்டியதில்ல. அதெல்லாம் கீழ இருக்கறவங்க பாத்துப்பாங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவரைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளெழுத்து வந்து வருஷமாகியும் ஒத்துக்கொள்ளாமல் இழுத்தடித்த மனுஷன். போனை நீட்டி நீட்டிப் படிப்பார். "இவருக்குக் கை இன்னும் ஒரு முழம் நீளமா இருந்தா கண்ணாடியே வேணாம்" என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

கண் சோதிக்கும் பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். சின்ன வயசு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேச்சு. எழுத்துப் பலகையை எல்லாம் படிக்கச் சொல்லி முடித்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்கறீங்க சார்?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேற்பார்வை."

"அதுல கண்ணுக்கு என்ன வேலை?"

"நடந்து போய் எல்லாரையும் கவனிக்கறது. கையெழுத்து போடறது."

"கம்ப்யூட்டர்?"

"அது இருக்கு. பசங்க பாத்துப்பாங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா இடுப்பில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

"நீங்க எவ்ளோ நேரம் ஸ்கிரீன் முன்னாடி இருப்பீங்க?"

"எப்பவாவது எட்டிப் பாப்பேன்."

"வண்டி ஓட்டுவீங்களா?"

"கார்" என்றார் அத்தான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எங்கள் குடும்பத்துக்கும் காருக்கும் உள்ள ஒரே உறவு, அது சேறடித்துக்கொண்டு போகும்போது நாங்கள் சுவரோரம் ஒதுங்குவதுதான்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம். "அப்ப உங்களுக்கு ப்ரோக்ரெசிவ் லென்ஸ் சரியா இருக்கும். மேல் பாகத்துல தூரம் தெரியும், கீழ் பாகத்துல படிக்கலாம். நடுவுல குறுகலா ஒரு சந்து மாதிரி இருக்கும், கம்ப்யூட்டர் அதுக்குள்ளதான் தெரியும். எப்பவாவது எட்டிப் பாக்கறவங்களுக்கு அது போதும். நாள் பூரா ஸ்கிரீனே கதின்னு இருக்கறவங்களுக்குத்தான் வேற லென்ஸ் போடுவோம். கைக்கெட்டற தூரம் நல்லா அகலமாத் தெரியும். தூரம் மங்கும், ஆனா கழுத்து நிம்மதியா இருக்கும்."

"அது டைப் அடிக்கறவங்களுக்கு" என்றார் அத்தான், ஏதோ தொற்றுநோயைப் பற்றிச் சொல்வதுபோல.

வெளியே வந்ததும் விற்பனைக்காரன் பிடித்துக்கொண்டான். தங்க விளிம்பு வைத்த ஃப்ரேமை அத்தான் மூக்கில் மாட்டி, "பெரிய அதிகாரி களை வந்துடுச்சு சார்" என்றான். பிறகு நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கோட்டிங் ஒன்று இருப்பதாகவும், போட்டால் கண் களைப்பே தெரியாது என்றும் ஆரம்பித்தான். உள்ளறையிலிருந்து அந்தப் பெண், "அதுக்கும் களைப்புக்கும் சம்பந்தமில்ல சார், கண்ணாடியில வெளிச்சம் எதிரடிக்காம இருக்க ஒரு கோட்டிங் இருந்தா போதும், கண்ணை அப்பப்ப சிமிட்டுங்க!" என்று குரல் கொடுத்தாள். விற்பனைக்காரன் நிதானமாகப் போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அத்தான் நீலத்தையும் சேர்த்தே வாங்கினார்.

ஆக, இல்லாத காரை ஓட்டி, கம்ப்யூட்டரை எப்போதாவது மட்டும் எட்டிப் பார்க்கும் ஒரு பெரிய மனுஷனுக்காக, அளவெடுத்துச் செய்த அருமையான கண்ணாடி தயாரானது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் மட்டும் வேறு ஆள்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கான அந்தச் சந்து லென்ஸின் நடுவில், நேர்ப்பார்வைக்குக் கீழே இருக்கிறது. திரையோ உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு உயரம் என்றால், மேற்பார்வையாளர் திரை எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று அதற்கு முந்தின நாள்தான் அடியில் ஒரு காலிப் பார்சல் பெட்டியை வைத்திருந்தார். இப்போது திரையில் ஒரு எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால், மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கின் வழியே கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வரியின் நடுப்பகுதிதான் தெளிவு, இரண்டு ஓரமும் நெளியும். ஆகவே மோவாய் மேலே, தலை இடமும் வலமும். மடிந்த காலரோடு ஒட்டகம் ஒன்று எங்கள் பிரிவில் சேர்ந்ததுபோல இருந்தது.

திரையிலிருந்து பார்வையை எடுத்து யாராவது மனிதரைப் பார்க்கும்போதாவது தலையை இறக்குவாரா என்றால், அதுவும் இல்லை. தூக்கிய மோவாய் தூக்கியபடியே நிற்கும். அந்த வாக்கில் லென்ஸின் கீழ்ப்பாகத்தால் ஆளைப் பார்த்தால் ஆள் மங்கல்தான். உடனே கண்ணைச் சுருக்குவார். தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, மூக்கு வழியாகப் பார்க்கும் ஒருவரைப் பற்றி உலகம் என்ன நினைக்குமோ அதையேதான் எங்கள் பிரிவும் நினைத்தது. "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்" என்று மூலை மேசையில் ஆரம்பித்தார்கள். டீ கொண்டுவரும் அக்கா, "நான் டம்ளர் வெக்கறேன், என்னைப் பாத்து ஏதோ நாத்தம் வர்ற மாதிரி மூஞ்சிய வெக்கறாரு" என்று குமுறினாள். 'அண்ணாந்தார்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். மத்தியானத்துக்குள் எல்லோர் வாயிலும் அதே பெயர்தான்.

எல்லோரும் எப்போதாவதுதான் பார்த்தார்கள். நாள் முழுக்கப் பார்த்தவர் எதிரில் உட்கார்ந்திருந்த தந்தி அண்ணன். திரையைத் தாண்டி அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டிருந்த முகம் போய், இப்போது இரண்டு மூக்குத் துவாரமும் ஒரு குரல்வளையும் தெரிந்தன. அதுவும் தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலியிலிருந்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதைத்தான் சொன்னார்?

வீட்டில் அக்கா கழுத்துக்குத் தைலம் தேய்த்தாள். "என்னங்க இது, கழுத்து கட்டையா இறுகிக் கெடக்கு?" என்று கேட்டால், "பொறுப்பு. எல்லாம் வந்து கழுத்துல உக்காருது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தைலக் குப்பியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஆனால் கழுத்துவலியை விடப் பெரிய காரியம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு இரட்டைக் கண் விலாசங்கள் படிக்க முடியவில்லை. தெளிவான எழுத்தையே சந்துக்குள் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றால், கரைந்த எழுத்துக்கு எங்கே போவார்? எந்தக் கிறுக்கலையும் படிப்பார் என்று பேர் வாங்கியவர். கண் தெரியவில்லை என்று பதவி வந்த மாதமே எப்படிச் சொல்வது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். தந்தி அண்ணன் எதைப் படித்தாலும் 'சரி' என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். தந்தி தப்பாகப் படிக்க மாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நம்பிக்கைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. எதிரே இருந்து பார்த்தவருக்கு அது நம்பிக்கை மாதிரி இருந்ததா என்பதுதான் கேள்வி.

தந்தி அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. இவன் படிப்பதே இல்லையோ? நான் சொல்வதைச் சரிபார்க்கிற வேலை இப்போது இவனுக்குக் கௌரவக் குறைச்சலோ? ஒரு நாள் சோதித்தார். நான் இரண்டு மேசை தள்ளி இருந்தேன், காதில் விழுந்தது. ஈரத்தில் ஊறிப்போன ஒரு விலாசம் திரையில் வந்தது. தந்தி அண்ணன் அதைப் படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, தன் சொந்த வீட்டு விலாசத்தைச் சொன்னார். கதவு எண், குறுக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் என்பதுவரை.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் ஒரு கையால் பிடரியைப் பிசைந்துகொண்டிருந்தார். மோவாய் வானத்தைப் பார்த்தது.

"சரி. அதேதான்" என்றார். பொத்தானை அழுத்தினார்.

எத்தனை முறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறார் அத்தான்! அந்த விலாசத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காதில் விழுந்திருக்கும், ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதிலேயே புத்தி இருந்ததால் உள்ளே இறங்கவில்லை. இது எனக்குத் தெரியும். தந்தி அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அவர் எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"கிடங்குக்கு மாத்துங்க" என்றாராம்.

"ஏன்?" என்று மேனேஜர் கேட்டாராம்.

"மாத்துங்க."

கிடங்கு என்றால் கீழ்த்தளம். நாள் பூராவும் நின்றுகொண்டு மூட்டை பிரிக்க வேண்டும், தூசி வேறு. தந்தி அண்ணனுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி, மாடிப்படி ஏறும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். அந்தக் காலோடு அங்கே போகிறேன் என்கிறார் என்றால், இந்த மூக்குத் துவாரங்களை இன்னும் ஒரு வருஷம் பார்ப்பதை விட அது மேல் என்று தோன்றியிருக்கிறது. மேனேஜர் யாரையும் எதற்கும் தடுத்ததில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து போகலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தந்தி அண்ணன் தன் வீட்டிலிருந்து ஒரு பார்சலைக் கொண்டுவந்து அத்தான் மேசையில் வைத்தார். மேலே எங்கள் கம்பெனி ஒட்டிய புது விலாசச் சீட்டு. கையில் எடுத்துப் படிக்கிற தூரத்தில் அத்தான் கண்ணாடி பிரமாதமாக வேலை செய்யும். சீட்டில் தந்தி அண்ணன் வீட்டு விலாசம் அச்சுப்பிசகாமல் இருந்தது. அத்தான் படித்தார். அதற்கு அடியில் இருந்த, ஈரத்தில் ஊறிய பழைய எழுத்தையும் படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்தபோது தந்தி அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்வாரா? பார்சலைச் சரியான விலாசத்துக்கு அனுப்பிவிட்டு, நாள் முழுக்க மேசையில் இருந்த பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேசத் தெரியாதவர், இன்னொருவர் தேவையானதைத் தவிர எல்லாம் பேசுகிறவர். இந்த ஜோடியை நடுவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்கு யாரும் தனிச் சம்பளம் தரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியானதும் அவரிடம் போய் உட்கார்ந்தேன். கேட்டைத் தாண்டிவிட்டதால் அவர் மறுபடியும் அத்தான்.

"அத்தான், தந்தி அண்ணன் ஒன்னாம் தேதி கிடங்குக்குப் போறாரு. தெரியுமில்ல?"

"மேனேஜர் சொன்னாரு."

"எதனால போறாருன்னும் தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் திடீரென்று வயசு கூடிவிட்டது. "எனக்குக் கண்ணு தெரியல சின்னவளே" என்றார். "ஸ்கிரீன்ல ஒன்னுமே புரியல. ஒரு வரி படிக்கறதுக்குள்ள கழுத்து முறிஞ்சுடுது. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அவன் வீட்டு விலாசத்தையே..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்திருந்த வசவுகளில் முக்கால்வாசியை அப்படியே வைத்துக்கொண்டேன்.

மீதிக் கால்வாசியைச் சொன்னேன். "கார் ஓட்டறேன்னு சொன்னீங்களே, அந்தக் கண்ணாடிதானே இது? போய் உண்மையச் சொல்லி வேற வாங்குங்க."

நடுவில் இறங்கி இருவரும் கடைக்குப் போனோம். அந்தப் பெண் கண்ணாடியை வாங்கி, தன் குறிப்பைப் பார்த்து, லென்ஸை அளந்து, எல்லாம் சரிபார்த்தாள். "இதுல ஒரு தப்பும் இல்லையே சார். போன தடவை நீங்க சொன்னீங்களே, அவருக்கு இது கச்சிதமா இருக்கும்" என்றாள். "அவரு வரலையா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பல வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக அந்த மோவாய் கீழே வந்தது. "நான் டைப் அடிக்கறவன்மா" என்றார். "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்கிரீன்தான். காரும் இல்ல."

"இதைச் சொல்றதுக்கு என்ன சார்?" என்றாள் அவள். பிறகு விளக்கினாள். கம்ப்யூட்டருக்கான லென்ஸை எந்தத் தூரத்துக்குச் செய்வது என்று தெரிய வேண்டும். கண்ணிலிருந்து திரைக்கு எவ்வளவு என்று, வழக்கமாக எப்படி உட்காருவாரோ அப்படியே உட்காரவைத்து அளக்க வேண்டும். "நீங்களே அளக்காதீங்க. அளக்கறப்போ எல்லாரும் ஒழுங்கா நிமிந்து உக்காந்துடுவாங்க. பக்கத்துல இருக்கறவங்க யாராவது அளக்கட்டும். அப்புறம், ஸ்கிரீனை இறக்கி வைங்க, மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வந்தா போதும்." திரைக்கடியில் இருக்கும் பெட்டியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. ஆனாலும் அத்தான் என்னை முறைத்தார்.

வெளியே வந்ததும், "நாளைக்கு நீ டேப் கொண்டு வந்து அளந்துடு" என்றார்.

"மாட்டேன்" என்றேன். "எதிர்ல ஒருத்தர் உக்காந்திருக்காரில்ல? அவரு அளக்கட்டும்."

"அவன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

மறுநாள் காலை முழுக்க அவர் மேசையில் பார்சல் அளக்கும் டேப் கிடந்தது. எடுத்தார், வைத்தார். டீ வந்தது, போனது. கடைசியில் எழுந்து திரைக்கடியில் இருந்த பெட்டியை உருவி எடுத்தார். திரை தாழ்ந்தது. எதிரில் தந்தி அண்ணனுக்கு வெகுநாள் கழித்து முழு முகமும் தெரிந்திருக்க வேண்டும். அத்தான் டேப்பைத் திரைக்கு மேலாக நீட்டினார்.

"ஒரு அளவு எடுக்கணும்."

தந்தி அண்ணன் டேப்பைப் பார்த்தார். "என்ன?"

"என் கண்ணுல இருந்து ஸ்கிரீனுக்கு." இதைச் சொன்னபோது பிரிவே வேலையை நிறுத்திவிட்டது. டீ அக்கா தட்டோடு நின்றாள். அத்தான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, இத்தனை பேர் முன்னால் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காததைச் சொன்னார். "எனக்கு ஸ்கிரீன் தெரியலடா. கண்ணாடி வாங்கறப்போ நான் கம்ப்யூட்டரே பாக்கறதில்லன்னு பொய் சொன்னேன். அதுக்கேத்த கண்ணாடிய குடுத்துட்டாங்க. தெரியறதுக்காகத்தான் தலையத் தூக்கினேன். வேற எதுக்கும் இல்ல. நீ சொன்னதை எல்லாம் படிக்காமலே சரின்னேன். உன் வீட்டு விலாசத்துக்கும் சேத்து."

தந்தி அண்ணன் எழுந்து வந்தார். "உக்காரு" என்றார். அத்தான் விறைப்பாக உட்கார்ந்தார். "வழக்கமா" என்றார் தந்தி அண்ணன். அத்தான் முதுகைத் தளர்த்தி, கொஞ்சம் கூனி, இடது முழங்கையை மேசையில் ஊன்றினார். டேப்பின் ஒரு முனையை அத்தானின் மூக்குத்தண்டில் வைத்து மறு முனையைத் திரைவரை இழுத்தார் தந்தி அண்ணன்.

"அறுபத்தஞ்சு" என்றார். டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். கிடங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தான் காத்திருந்து பார்த்தார். நாங்களும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். விஷயம், கண்ணாடிக் கடைப் பெண் கண்ணைச் சிமிட்டச் சொன்னதோடு சேர்ந்து, மேனேஜர் காதுக்குப் போயிற்று. 'ஊழியர்கள் அனைவரும் உடனடியாகக் கண்ணைச் சிமிட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். அவரே வந்து நின்று யார் சிமிட்டுகிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்தார். மூலை மேசைக்காரர்கள் ஒருபடி மேலே போய், அறுபத்தைந்து சென்டிமீட்டர் என்பது ஏதோ ராசியான எண் என்பதுபோல, தாங்கள் எவ்வளவு தள்ளி உட்காருகிறோம் என்று அளக்காமலே கடைக்குப் போய் அதே அளவுக்குக் கண்ணாடி கேட்டார்கள். இப்போது அந்தக் கண்ணாடிக்கு ஏற்ற மாதிரி நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். புத்திமதி சொன்னால் நான் மேற்பார்வையாளர் வீட்டு ஆளாம்.

அத்தானின் புதுக் கண்ணாடி முப்பதாம் தேதிதான் வந்தது. தந்தி அண்ணனுக்கு மேல்தளத்தில் அது கடைசி நாள். காலையிலேயே தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தார்: காது உடைந்த டீக்கப், ஒரு சீப்பு, முழங்கால் பட்டை. அத்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டினார், திரையைப் பார்த்தார். தலை ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுத்து அகலமாகத் தெரிந்திருக்க வேண்டும், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதில் சந்தோஷம் இல்லை.

சாயங்காலம் ஒரு இரட்டைக் கண் விலாசம் வந்தது. பேனா தீர்ந்துபோய் அழுத்தி அழுத்தி எழுதிய எழுத்து. தந்தி அண்ணன் தன் திரையைப் பார்த்தார். பிறகு வாசித்தார். கதவு எண், தெரு, மாடி வீடு, பச்சை கேட்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அத்தான் வீடு. நான் தினமும் போய்ச் சாப்பிடுகிற வீடு.

அத்தான் திரையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் படித்தார். பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"தப்பு" என்றார். "அது எங்க வீடுடா. இதுல இருக்கறது வேற." அதில் இருந்ததைத் தெருவும் எண்ணுமாகப் படித்துச் சொன்னார்.

"சரி" என்றார் தந்தி அண்ணன்.

பார்சல் கிளம்பியது. தந்தி அண்ணன் குனிந்து பெட்டியிலிருந்து காது உடைந்த கப்பை எடுத்து, மேசையில் அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார். டீ அக்கா யாரும் சொல்லாமலே அதில் டீ ஊற்றினாள். முழங்கால் பட்டையையும் எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். மேனேஜரிடம் மறுநாள் போய், "மாத்த வேணாம்" என்றாராம். அவர் அதற்கும் தடை சொல்லவில்லை.

அத்தான் கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரைக்கு அப்பால் எதிர் நாற்காலியைப் பார்த்தார். அந்தத் தூரம் இந்த லென்ஸுக்கு எட்டாது.

"இப்ப உன் மூஞ்சிதான்டா மங்கலா இருக்கு" என்றார்.

"பாத்ததுதானே" என்றார் தந்தி அண்ணன்.